சாங்ஷன் என்றால் அனுமதியா, தடையா? மூன்று துணைகளை வைத்துப் பார்த்தோம்

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் ஆங்கில நாளிதழோடு வந்தாள். "அக்கா, லோன் சாங்ஷன் ஆச்சுன்னா நல்ல விஷயம்தானே? இங்க சாங்ஷன்ஸ் போட்டதால ஈரான்ல விலைவாசி ஏறிடுச்சுன்னு போட்டிருக்கு. எப்படிக்கா?"

நல்ல கேள்வி. ஒரே சொல்லுக்கு அனுமதி, தடை என்று நேரெதிரான இரண்டு பொருள். வீட்டில் இருந்த மூன்று துணைகளிலும் தேடினோம்: ஆங்கிலம்-தமிழ் அகராதி, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதிய ஆங்கிலம்-ஆங்கிலம் அகராதி, கைபேசியில் கூகுள் மொழிபெயர்ப்பு.

தமிழ் அகராதியில் ஒப்புதல், இசைவு, தண்டனை, தடை என்று எல்லாமே வரிசையாக இருந்தன. எதுவும் தப்பில்லை. ஆனால் எந்த இடத்தில் எதை எடுப்பது என்று சொல்லவில்லை. கற்பவர் அகராதியில்தான் முடிச்சு அவிழ்ந்தது. வினையாக வந்தால் பெரும்பாலும் அனுமதிப்பது. பன்மைப் பெயராக, பின்னால் 'ஆன்' அல்லது 'அகெய்ன்ஸ்ட்' சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஒரு நாட்டின் மேல் போடும் தடை. அவள் உடனே நாளிதழைப் புரட்டிப் பார்த்தாள். சொல்லின் கடைசியில் 'எஸ்' இருந்தது, அடுத்த சொல் 'அகெய்ன்ஸ்ட்'. நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இந்த வகை அகராதி நம்மைப் போன்றவர்களை மனதில் வைத்தே பிறந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ. எஸ். ஹார்ன்பி, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மாணவர்களுக்காகத் தொகுத்தது 1942இல் டோக்கியோவில் வெளியானது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்ட் கற்பவர் அகராதி அதன் வழிவந்ததுதான். 1978இல் வந்த லாங்மன் அகராதி, ஏறக்குறைய 2,000 எளிய சொற்களைக் கொண்டே எல்லாப் பொருளையும் விளக்கியது. 1987இல் வந்த கோபில்ட் இன்னும் ஒரு படி மேலே போய், 'நீங்கள் ஒன்றை இப்படிச் செய்தால்...' என்று முழு வாக்கியமாகவே பொருள் சொன்னது. பாடம் நடத்தும் ஆசிரியரின் பேச்சு அது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

'புட் அப் வித்' போன்ற தொடர்களில் இதன் அருமை இன்னும் தெரியும். புட் என்றால் வை, அப் என்றால் மேலே, வித் என்றால் உடன். மூன்றையும் கூட்டினால் 'சகித்துக்கொள்' வருமா? வராது. தொடரை முழுசாகத் தேடவேண்டும். கற்பவர் அகராதி இதைத் தனித் தொடராகக் கொடுத்து, எடுத்துக்காட்டு வாக்கியமும் தரும். கையடக்கத் தமிழ் அகராதிகள் பலவற்றில் இப்படிப்பட்ட தொடர்களுக்கு இடமே இருப்பதில்லை.

ஆனால் தமிழ் அகராதியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 'ஸ்லூஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் திறந்து மூட உதவும் கதவுள்ள வாய்க்கால் என்று ஆங்கிலத்தில் சுற்றி வளைத்துப் படித்தாலும் மனதில் படம் விழாது. 'மதகு' என்று தமிழில் ஒரு சொல் போதும், ஊர்க் கண்மாய் கண்முன் வந்துவிடும். பொருள், நோய், செடி, கருவி ஆகியவற்றுக்கு எப்போதும் தமிழ் அகராதிதான் என் முதல் தேர்வு. அந்த 2,000 சொற்களே இன்னும் கைவராத பள்ளிப் பிள்ளைக்கும் அப்படித்தான். ஒரு சொல்லைத் தேடப்போய் விளக்கத்தில் இன்னும் மூன்று தெரியாத சொல் கிடைத்தால் அந்தப் பிள்ளை அகராதியையே மூடிவிடும்.

சரி, கைபேசி? 2011லிருந்து கூகுளில் தமிழ் இருக்கிறது. முழு வாக்கியத்தைக் கொடுத்தால் 'பொருளாதாரத் தடைகள்' என்று சரியாகவே சொல்லிவிடும். அவசரத்துக்கு இதைவிட வேகமான உதவி இல்லை. ஆனால் ஏன் அந்தப் பொருள் என்று காட்டாது. அடுத்த தடவை அதே சொல் வந்தால் மறுபடியும் கைபேசியைத்தான் எடுக்கவேண்டும். 'ஐயாம் அஃப்ரெய்ட்' என்று தொடங்கி ஒருவர் பணிவாக மறுப்பதை, 'பயப்படுகிறேன்' என்று அது மொழிபெயர்க்கும் ஆபத்தும் உண்டு.

சில சொற்களில் வாக்கியம் முழுசாக இருந்தாலும் போதாது, பேசுபவர் யார் என்றும் தெரியவேண்டும். ஒன்றை 'டேபிள்' செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தச் சொல்லாலேயே இரு நாட்டு அதிகாரிகளும் நெடுநேரம் காரசாரமாக வாதாடியதையும், கடைசியில் இருதரப்பும் கேட்டது ஒன்றையேதான் என்று தெரிந்ததையும் சர்ச்சில் எழுதியிருக்கிறார். கற்பவர் அகராதி இரண்டு பொருளையும் 'பிரிட்டிஷ்', 'அமெரிக்கன்' என்று குறிப்போடு தரும். மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றைத் தேர்ந்தெடுத்து நீட்டிவிடும்.

அந்தப் பெண் இப்போது முதலில் கற்பவர் அகராதியை இணையத்தில் பார்க்கிறாள். ஆக்ஸ்ஃபோர்ட், லாங்மன், கேம்பிரிட்ஜ் மூன்றும் அங்கே இலவசம். அப்புறம் தமிழ்ச் சொல்லைத் தேடுகிறாள். நோட்டில் சொல்லை மட்டும் எழுதுவதில்லை, நாளிதழ் வாக்கியத்தை அப்படியே எழுதி, ஓரத்தில் தமிழைக் குறிக்கிறாள். சாங்ஷனுக்கு அந்த நோட்டில் இரண்டு பக்கம்.