நியூட்ரிஷன் கிளப்: போகலாம், ஐடி போடலாமா?

காலை ஆறு மணிக்குத் திறந்து ஒன்பதரைக்கு மூடும் நியூட்ரிஷன் கிளப்புகள் இன்று தமிழ்நாட்டில் சின்ன ஊர்களிலும் உண்டு. எடை குறைக்க நினைப்பவர்கள் கூடி, ஒரு கம்பெனியின் புரத ஷேக்கைக் காலைச் சாப்பாட்டுக்குப் பதில் குடிக்கும் இடம் இது. வீட்டு மாடியிலோ வாடகைக்கு எடுத்த ஒரு ஹாலிலோ நடக்கும். வெளியே கம்பெனி போர்டு பெரும்பாலும் இருக்காது. கடை மாதிரி நடத்தக் கூடாது என்பது, இந்தப் பொருள்களை ஆள் மூலம் ஆளுக்கு விற்கும் அமெரிக்கக் கம்பெனியான ஹெர்பாலைஃபின் விதி. அதனால் ஆள் சொல்லித்தான் ஆள் வரவேண்டும். மெக்சிகோவில் தொடங்கிய முறை இது. கம்பெனி இந்தியாவுக்கு வந்தது 1999இல். மற்ற கம்பெனிப் பொருள்களை வைத்து நடக்கும் கிளப்புகளும் ஏறக்குறைய இதே அச்சுதான். ஐடி போடுவது என்றால் அந்தக் கம்பெனியின் விற்பனையாளராகப் பதிவு செய்துகொள்வது.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். உள்ளே நுழைந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் போன் வரும். அரைக் கிலோ குறைந்தாலும் கைதட்டு, பிறந்தநாளுக்குக் கேக். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட அம்மாக்கள், ரிட்டயர் ஆனவர்கள், கல்யாணமாகிப் புது ஊருக்கு வந்த பெண்கள் இவர்களுக்கெல்லாம் "நேத்து ஏன் வரல?" என்று கேட்க ஓர் இடம் கிடைப்பது பெரிய விஷயம். அந்தத் தேவை உண்மையானது, அதைத் தேடிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடைப்பயிற்சி, ஜும்பா சேர்த்து நடத்தும் கிளப்புகளில் உடம்புக்கும் பலன் உண்டு. இந்த ஒரு விஷயத்துக்குத் தயங்காமல் ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம்.

இனி டம்ளரில் வருவது. முதலில் கற்றாழைச் சாறு கலந்த தண்ணீர், அடுத்து அஃப்ரெஷ் என்ற டீ மாதிரியான சூடான பானம், கடைசியில் ஷேக். அஃப்ரெஷ் குடித்ததும் வரும் சுறுசுறுப்புக்குக் காரணம் அதிலுள்ள காஃபின். தேயிலைச் சத்தும், காஃபின் உள்ள குவாரானா விதையின் சத்தும் அதில் சேர்ந்திருக்கின்றன. படபடப்பு, பிபி, தூக்கக் குறைவு உள்ளவர்கள் பாதி அளவு கேட்டு வாங்குங்கள். ஷேக் பவுடர் டப்பா 500 கிராம். ஒரு தடவைக்கு 25 கிராம் போட்டால் இருபது டம்ளர் வரும். டப்பா விலை இரண்டாயிரத்துக்கு மேல், ஆக பவுடர் மட்டுமே டம்ளருக்கு நூறு ரூபாயைத் தாண்டும். லேபிளில் 300 மில்லி ஆடை நீக்கிய பாலில் கலக்கச் சொல்லியிருக்கிறது. கிளப்பில் தண்ணீரில் அடித்துக் கொடுத்தால் புரதம் பாதியாகிவிடும், ஏனென்றால் 300 மில்லி பாலிலேயே ஒன்பது பத்து கிராம் புரதம் இருக்கிறது. பாலா தண்ணீரா என்று கேளுங்கள். இரண்டு முட்டையும் ஒரு பெரிய டம்ளர் பாலும் சேர்ந்தால் இருபது கிராம் புரதம் கிடைத்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ஆறரைக்கே ஷேக் குடித்தால், ஷேக்கில் உள்ள சோயாவும் பாலில் உள்ள கால்சியமும் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைந்தால் ஏறும் எண்) ஏறி நிற்கும், காரணம் பிடிபடாது. எவ்வளவு இடைவெளி என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு நேரத்தை மாற்றுங்கள். இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் இட்லியை நிறுத்திவிட்டு ஷேக் மட்டும் குடித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கிளப் நடத்தும் கோச் என்பவர் விற்பனைப் பயிற்சி பெற்றவர். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ அவர் சொன்னால் கேட்காதீர்கள்.

எடை பார்க்கும் மிஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறுங்காலோடு ஏறி, கைப்பிடியை நீட்டிப் பிடித்தால் கொழுப்பு சதவீதம், "உடம்பின் வயது" எல்லாம் காட்டும் கரடா ஸ்கேன். உடம்பு வழியே மிக மெல்லிய மின்சாரம் அனுப்பி, தடையை அளந்து, மீதியைச் சூத்திரத்தால் கணக்கிடுகிறது. உடம்பில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். ஒரே ஆளுக்கு நடந்து வியர்த்தபின் ஒன்று, தண்ணீர் குடித்து உட்கார்ந்தபின் வேறொன்று காட்டலாம். முதல் நாள் மாலையிலும் பத்தாம் நாள் விடியற்காலையிலும் எடுத்த இரண்டு ரீடிங்கை ஒப்பிட்டுக் காட்டினால் அதை நம்பாதீர்கள். ஒரே நேரம், காலைக்கடன் முடித்து, எதுவும் குடிக்காமல் எடுத்ததை மட்டும் ஒப்பிடுங்கள். இடுப்பளவு டேப் இதைவிட நேர்மையானது.

இதுவரை சரி. சிக்கல் தொடங்குவது "ஐடி போட்டுக்கோங்க, இருபத்தஞ்சு பர்சன்ட் குறையும்" என்ற வார்த்தையில். மூன்று நாள் டிரையல், பத்து நாள் பேக், மாத கார்டு என்று போய், ஐடி கைக்கு வந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். அங்கே நோட்டைக் கொடுத்து, தெரிந்த நூறு பேர் பெயரை எழுதச் சொல்வார்கள். சித்தி மகள், பழைய டீச்சர், பிள்ளையின் ஸ்கூல் வேன் அம்மாக்கள் என்று எல்லாரும் அதில் வந்துவிடுவார்கள். அன்றிலிருந்து அவர்களிடம் பேசும் ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் ஒரு விற்பனை நிற்கும். அவர்களுக்கும் அது தெரிந்துவிடும், போனை எடுக்க மாட்டார்கள். இருந்த உறவு சுருங்கச் சுருங்க, கிளப் ஒன்றே உறவாகிவிடும். இந்தப் பிடிதான் ஆளை வெளியே வரவிடாமல் வைத்திருப்பது, பணம் அதற்கு அடுத்ததுதான்.

பணக் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். ஐடி போட்டவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி 25, 35, 42, 50 என்று ஏறும். 50 சதவீதம், சூப்பர்வைசர் என்ற நிலைக்கு ஏறியவருக்கு. உதாரணத்துக்கு, தினம் 15 பேர், தலைக்கு 150 ரூபாய், மாதம் 25 நாள். மொத்த வசூல் 56,250. ஒருவர் குடிக்கும் மூன்று டம்ளர் சேர்ந்த ஒரு செட்டுக்கு ஆகும் பொருளின் எம்ஆர்பி மதிப்பு 140 என்று வைத்தால், 25 சதவீதத் தள்ளுபடியில் உங்களுக்கு அடக்கம் 105, மாதத்துக்கு 39,375. வாடகை 8,000, கரண்ட் தண்ணீர் 1,500, பால், பழம், பேப்பர் கப் 4,000. கையில் நிற்பது 3,375. இதே கிளப்பை 50 சதவீத ஐடியில் நடத்தினால் 16,500 நிற்கும். நடுவில் உள்ள 13,125 ரூபாய் எங்கே போகிறது? உங்களுக்கு மேலே 50 சதவீதத்தில் இருப்பவருக்கு. நீங்களும் 50க்கு ஏறிவிட்டால் அவருக்கு ராயல்டி அதிகபட்சம் 5 சதவீதம்தான், ஆனால் அது அவருக்குக் கீழே மூன்று அடுக்குக்கு நீளும்.

அந்த 13,125க்காகத்தான் எல்லாரும் சூப்பர்வைசர் ஆகத் துடிப்பது. ஒரே மாதத்தில் 4,000 வால்யூம் பாயின்ட் (வாங்கும் பொருளுக்குக் கம்பெனி தரும் புள்ளி) எடுக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் வழி. கிளப்பில் அவ்வளவு ஓடாது, எனவே நகையை வைத்து ஸ்டாக் எடுப்பார்கள். டப்பாக்கள் பீரோவில் இருக்க, எக்ஸ்பைரி தேதி நெருங்கும். ஆன்லைனில் பாதி விலைக்குத் தள்ளுவார்கள். அந்த விலையைப் பார்த்துக் கிளப்புக்கு வருபவரும் வாங்குவதை நிறுத்துவார். தினம் வருபவர் எண்ணிக்கை எட்டாகக் குறைந்தால் மேலே சொன்ன 25 சதவீதக் கணக்கில், பால், கப் செலவு அதற்கேற்பக் குறைந்தாலும், மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கையிலிருந்து போகும். மீட்டிங் டிக்கெட், பஸ், லாட்ஜ் செலவை இதில் சேர்க்கவே இல்லை.

இது நம்மூர்ச் சந்தேகம் மட்டும் இல்லை. 2016 ஜூலையில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஹெர்பாலைஃப் மீது போட்ட வழக்கு 20 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. பணம் இழந்த ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேருக்குக் காசோலை போனது. கிளப் நடத்துபவர்களிடம் கம்பெனியே எடுத்த சர்வேயை அந்தக் கமிஷன் எடுத்துக்காட்டியது: ஒரு கிளப் திறக்கச் சராசரியாக 8,500 டாலர் செலவு, 57 சதவீதம் பேருக்கு லாபமே இல்லை அல்லது நஷ்டம். சேர்ந்து ஒரு வருடம் ஆகாமல், பயிற்சி முடிக்காமல் யாரும் வாடகைக்கு இடம் எடுக்கக் கூடாது என்றும் அந்தச் சமரசத்தில் விதி வந்தது. அந்த விதி இங்கே செல்லாது. ஆனாலும் நீங்களாகவே அதைக் கடைப்பிடியுங்கள்.

இங்கே இருப்பது 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள். ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் தரும் பிரமிடு திட்டத்துக்குத் தடை. "நாலு பேரைக் கொண்டுவந்தா உங்க காசு திரும்பிடும்" என்று சொல்லி விற்பதும் கூடாது. அடையாள அட்டையும் முன்கூட்டியே வாங்கிய சம்மதமும் இல்லாமல் வீட்டுக்கு வரக் கூடாது. மீறினால் 1915க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம். ஏற்கெனவே ஐடி போட்டவர்கள் பிரிக்காத டப்பாக்களைப் பில்லோடு தனியே எடுத்து வையுங்கள். திரும்ப எடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கே மெயிலில் எழுதுங்கள். உங்களைச் சேர்த்த அப்லைனிடம் வாயால் சொன்னால் "இன்னும் ஒரு மாசம் பாருங்க" என்றுதான் பதில் வரும்.

கிளப் தரும் கூட்டம் மட்டும் வேண்டும் என்றால் டே-ஃபீஸ் கொடுத்துப் போய் வாருங்கள், ஐடி வேண்டாம். ஒரு வாரம் ஷேக் வாங்காமல், நடக்க மட்டும் வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறாத கோச்சும் இருக்கிறார், அவர் கிளப்பில் நிம்மதியாக இருக்கலாம். சேர்ந்து சம்பாதிக்கவும் வேண்டும், தோழமையும் வேண்டும் என்றால் மகளிர் சுய உதவிக் குழுவைப் பாருங்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. பன்னிரண்டு முதல் இருபது பேர், வாரம் ஒரு கூட்டம், ஆளுக்குச் சின்னச் சேமிப்பு. அங்கேயும் சண்டை வரும், கடன் தவணை பிந்தும், கணக்கு எழுதுபவர் மேல் மற்றவர்களுக்கு வருத்தம் வரும். ஆனால் சேர்ந்த பணம் குழுவின் பெயரில் பேங்கில் கிடக்கும். புதிதாக ஒருவரைச் சேர்த்ததற்காக யாருக்கும் கமிஷன் கிடையாது.