வைக்கோல் தீயா, ஹைட்ரஜனா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் பலூன் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். 1783இல் பாரிஸில் பத்தே நாள் இடைவெளியில் இரண்டு விதப் பலூன்கள் மனிதரைச் சுமந்து பறந்தன: நவம்பர் 21இல் மோன்கோல்ஃபியே சகோதரர்களின் சூடான காற்று பலூன், டிசம்பர் 1இல் ஜாக் சார்லஸின் ஹைட்ரஜன் பலூன். எதைச் செய்துகாட்டுவது? நாங்கள் சூடான காற்றை எடுத்தோம். இப்போது கேட்டாலும் அதையே சொல்வேன்.

தூக்கும் திறனில் ஹைட்ரஜனுக்குப் போட்டி இல்லை. ஒரு கன மீட்டர் ஒரு கிலோவுக்கு மேல் தூக்கும். 1804இல் பிரெஞ்சு விஞ்ஞானி கே-லுசாக் சுமார் 7,000 மீட்டர் ஏறிக் காற்று மாதிரி எடுத்தது அதில்தான். காரைக்காலில் வானிலைக் கருவியைச் சுமந்து போவதும் வாயு பலூன்தான்.

ஆனால் நிரப்புவதைப் பாருங்கள். சார்லஸின் ஆளில்லாத முதல் பலூனுக்கு ஹைட்ரஜன் தயாரிக்கவே அரை டன் இரும்பும் கால் டன் கந்தக அமிலமும் தேவைப்பட்டன, நிரப்ப நாள்கணக்கானது. இறங்க வேண்டுமானால் வாயுவைத் திறந்துவிட வேண்டும், போனது போனதுதான். மோன்கோல்ஃபியே எரித்ததோ வைக்கோலும் கம்பளியும். அறுவடை முடிந்த டெல்டாவில் வைக்கோலுக்கா பஞ்சம்? இருந்தாலும் போரும் கீற்றுக் கொட்டகையும் பக்கத்தில் இருக்கிற ஊரில் தீ வேண்டாம். டிஷ்யூ தாள் பலூனுக்கு ஹேர் டிரையரே போதும். ஆறினால் மறுபடி ஊதலாம், கிழிந்தால் ஒட்டுப் போடலாம். ஒவ்வொரு வகுப்பு வரும்போதும் புதிதாகப் பறக்கவிட முடிந்தது.

அப்புறம் நேரம் முக்கியம். வெளிக்காற்று எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு தூக்கும். உள்ளே 70 டிகிரி என்று வைத்துக்கொண்டால், மார்கழி விடியலின் 22 டிகிரியில் கன மீட்டருக்குச் சுமார் 165 கிராம் தூக்கும். சித்திரை மதியம் 37 டிகிரியில் 110 கிராம்தான். கூடையில் ஏறிப் பறந்த அனுபவம் எனக்கு இல்லை. இதெல்லாம் தாள் பலூன் அளவில் சொல்வது.

இரண்டையும் சேர்த்தால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த நவம்பர் 21இல் பறந்தவர்களில் ஒருவரான பிலாத்ர் த ரோசியே அப்படிச் சேர்த்த பலூனில் ஏறி 1785இல் விழுந்து இறந்தார். 1863இல் ஜூல் வெர்ன் தன் முதல் பலூன் நாவலில் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனையே சூடாக்கி ஆப்பிரிக்காவைக் கடக்க வைத்தார். கதையில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் கூடவே கூடாது.