நியூயார்க்கில் வீடு பிடிக்கும் முன் உரிமையாளரின் ஜாதகத்தைப் பாருங்கள்

குவீன்ஸில் வாடகைக்கு வீடு தேடும் நம்மவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுக்கு வீட்டைக் காட்டிய புரோக்கர், பாய்லர் புதிது என்று அடித்துச் சொன்னார். ஜனவரியில் ரேடியேட்டர் சில்லிட்டுக் கிடந்தது. குழந்தையின் அறையில் வெப்பமானி 54 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. அவள் கம்பளிக் குல்லாயோடு தூங்கினாள். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 55 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உள்ளே 68 டிகிரியாவது இருக்க வேண்டும். இரவில் எப்படியும் 62 டிகிரி. இது நகரச் சட்டம். மேலாளரைக் கேட்டால் "ஆள் வந்துகொண்டிருக்கிறார்" என்பார். நகர அரசின் புகார் எண்ணான 311-இல் புகார் செய்தோம். ஆய்வாளர் வந்த அன்று வீடு சூடாக இருந்தது. மறுநாள் பழைய நிலைதான்.

அந்தக் கட்டடத்தின் வரலாறு முழுவதும் யாரும் பார்க்கும்படி பொதுப் பதிவில் கிடக்கிறது. நகர வீட்டுவசதித் துறையின் 'எச்பிடி ஆன்லைன்' தளத்தில் முகவரியைக் கொடுத்தால் புகார்களும் விதிமீறல்களும் வரும். மீறல்கள் ஏ, பி, சி என மூன்று வகை. சி என்றால் உடனடி ஆபத்து. வெப்பமின்மை அதில்தான் சேரும். எங்கள் கட்டடத்தில் குளிர்காலம்தோறும் அதே சி வகை மீறல் பதிவாகியிருந்தது. மொத்த எண்ணிக்கையைக் கண்டு மிரள வேண்டாம், பெரிய கட்டடத்தில் கூடுதலாகவே இருக்கும். ஒரே குறை ஆண்டுதோறும் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். 'சரிசெய்யப்பட்டது' என்று உரிமையாளரே சான்றளிக்க முடியும் என்பதால் அந்த ஒரு சொல்லை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். முடிந்தால் மாடிப்படியில் எதிர்ப்படும் குடியிருப்பவரிடம் குளிர்காலம் எப்படி என்று கேளுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பல உரிமையாளர்கள் ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனி எல்எல்சி, அதாவது தனி நிறுவனத்தின் பெயரில் வைத்திருப்பார்கள். உங்கள் முகவரி சுத்தமாக இருந்தாலும் அதே ஆளின் மற்ற கட்டடங்கள் நாறிக்கொண்டிருக்கலாம். நகரத்தின் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 'ஏக்ரிஸ்' தளத்தில் கிரயப் பத்திரத்தையும் அடமானப் பத்திரத்தையும் திறந்து, கடைசிப் பக்கங்களில் கையெழுத்திட்டவர் யார் என்று பாருங்கள். குடியிருப்பவர்களுக்கு உதவும் ஜஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பின் 'ஹூ ஓன்ஸ் வாட்' தளம் இலவசமாகவே ஒருவரோடு தொடர்புடைய கட்டடங்களைச் சேர்த்துக் காட்டும். எங்கள் உரிமையாளரின் மற்ற கட்டடங்களிலும் வெப்பமில்லை என்ற அதே புகார்தான் வரிசையாக நின்றது. படித்தபோது வயிறு எரிந்தது.

அட்வான்ஸிலும் ஏமாற்றினார்கள். 2019 முதல் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. எங்களிடம் 'கடைசி மாத வாடகை' என்று இன்னொரு மாதத்தையும் கறந்தார்கள். காலி செய்த 14 நாட்களுக்குள் கணக்கோடு திருப்பித் தர வேண்டிய பணம் இன்னும் வரவில்லை. சிறுவழக்கு நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். வெப்பமானியின் படங்கள், 311 புகார் எண்கள், வாடகை ரசீதுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன்.