டில்லி வழியாக ரொறன்ரோ, '12½ மணி' என்று டிக்கெட் தந்தால் காசு கட்ட வேண்டாம்

வெள்ளவத்தையில் டிக்கெட் போடும் ஒரு கடை, பேரப்பிள்ளையைப் பார்க்கக் கனடா புறப்பட்ட வயதான தம்பதிக்கு டில்லி வழியாக ரொறன்ரோ டிக்கெட் விற்றிருக்கிறது. கொடுத்த தாளில் 'மொத்தப் பயணம் 12½ மணி, ட்ரான்சிட் விசா தேவையில்லை' என்று அச்சடித்திருந்தது. இரண்டுமே பொய். கட்டுநாயக்க கவுண்டரிலேயே இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நேரக் கணக்கைப் பாருங்கள். மாலை 6.00க்குக் கொழும்பில் ஏற்றம், மறுநாள் காலை 6.30க்கு ரொறன்ரோவில் இறக்கம். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் ரொறன்ரோ நமக்கு 9½ மணி பின்னால், நவம்பர் தொடக்கம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை 10½ மணி பின்னால். அதையும் கூட்டினால்தான் உண்மையான பயணம் தெரியும்: கோடையில் 22 மணி. இன்சுலின் போடுகிறவர் கைப்பையில் எத்தனை வேளை மருந்து வைப்பது என்பது இந்தக் கணக்கைப் பொறுத்தது.

தூரத்தைச் சொல்லி மயக்குவதும் உண்டு. கொழும்பிலிருந்து ரொறன்ரோ மிகக் குறுகிய பாதையில் சுமார் 14,000 கி.மீ. அதை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து 'பதினைந்தரை மணி' என்பார்கள். ஆனால் நேரடி விமானமே இல்லை. டில்லி ஏறக்குறைய அதே பாதையில் இருப்பது உண்மைதான். டுபாய் வழியாகப் போனாலும் 400 கி.மீ.தான் கூடும். அதோடு 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபின், அவை சுற்றிப் போக வேண்டியதாயிற்று. மேற்கு நோக்கிப் போகையில் எதிர்க்காற்று வேறு. டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்குச் சுமார் 14 மணி பிடிக்கும், திரும்பி வர அதைவிடக் குறைவு.

பெரிய மோசடி இனித்தான். அந்தத் தாளில் ஒரே பயணம்போல இருந்தவை உண்மையில் இரண்டு தனி டிக்கெட்டுகள். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி நேரே ரொறன்ரோ போகும், டில்லி விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறலாம். தனி டிக்கெட் என்றால் டில்லியில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, திரும்பச் செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு இந்திய விசா கட்டாயம். இவர்களிடம் அது இல்லை. இருந்திருந்தாலும் இடையில் 2 மணி 50 நிமிடம்தான், அடுத்த கவுண்டர் வழக்கமாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. போகாத டிக்கெட்டின் திரும்பும் பகுதியையும் அநேகமாக ரத்துச் செய்துவிடுவார்கள்.

காசு கட்டுமுன் 13 இலக்க இ-டிக்கெட் எண்ணைக் கேளுங்கள். போகும் பகுதிகள் எல்லாம் அந்த ஒரே எண்ணின் கீழ் இருக்கிறதா என்று விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே பாருங்கள். கடை தரும் அதன் சொந்த இலக்கம் அங்கே வேலை செய்யாது. 'பெட்டி எதுவரை போகும்?' என்பதற்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் பெட்டிக்கு ஒட்டும் பட்டியில் ரொறன்ரோ விமான நிலையத்தைக் குறிக்கும் 'வை வை இசட்' (YYZ) என்ற மூன்றெழுத்து இருக்க வேண்டும். டில்லியின் எழுத்துகள் மட்டும் இருந்தால் பெட்டி அங்கேயே இறங்கிவிடும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தாளையும் பற்றுச்சீட்டையும் எறிய வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.