இரண்டாவது டிரைவரா, கேமராவா, மாசச் சம்பளமா?

சித்தப்பாவுக்கு நாமக்கல்லில் நான்கு லாரிகள், எல்லாம் பன்னிரண்டு சக்கரம். கணக்கு எழுதுவது நான். போன மாதம் ஒரு வண்டி ஹூப்ளியைத் தாண்டிச் சாலைத் தடுப்பில் உரசி நின்றது. விடிகாலை நாலு மணி. டிரைவர் அண்ணன் கண் அசந்துவிட்டார். டீசல் டேங்க் கிழிந்தது, ஒரு டயர் போனது, நல்லவேளை ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து சித்தப்பா ஒரே கேள்வியோடு திரிகிறார்: "காசு போடத் தயார்டா. எதுல போடறதுன்னு சொல்லு."

அவருக்கு ஆளாளுக்குச் சொன்ன யோசனைகள் மூன்று. வண்டிக்கு இரண்டு டிரைவர் போடுவது. டிரைவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும் கேமரா மாட்டுவது. டிரிப் கணக்கை விட்டு மாசச் சம்பளத்துக்கு மாறுவது. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய நான்கு வண்டிக்காரரிடம் பணம் கிடையாது. அதனால்தான் இந்த அலசல்.

முதலில் எங்கள் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர், புனே வழியாக மும்பை. திரும்பும்போது பெரும்பாலும் நாசிக் வெங்காயம். ஒரு பக்கம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். மேடு, டோல், ஊர் நெரிசல் எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 40 வந்தாலே பெரிசு. அப்படியானால் ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் மட்டும் 30 மணி. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அந்தக் கணக்கில் மும்பை நான்காவது நாள்தான் வரும். லோடு கொடுப்பவர் எதிர்பார்ப்பதோ இரண்டு நாள். நாளுக்கு 15 மணி நேரம் ஓட்டினால்தான் அது நடக்கும். ஹூப்ளியின் நாலு மணி அங்கிருந்துதான் வந்தது.

இரண்டு டிரைவர் போட்டால் இந்தக் கணக்கு காகிதத்தில் அழகாகத் தீர்ந்துவிடுகிறது: ஆளுக்கு ஏழரை மணி நேரம், சட்டத்துக்கும் உட்பட்டது, லோடும் நேரத்துக்குப் போகும். பழைய ஆட்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஓடும் வண்டியின் பெர்த்தில் ஒருமுறை படுத்துப் பார்த்தால் தெரியும். நான் ஒரு டிரிப் சேலத்திலிருந்து தாவணகெரே வரை போயிருக்கிறேன். வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் உடம்பு பலகையிலிருந்து எழும்பி விழும். பகலில் இன்ஜின் சூடு கீழிருந்து, வெயில் மேலிருந்து. கண் மூடியிருந்தேன், அவ்வளவுதான், தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன். பெர்த்தில் பாதித் தூக்கம் தூங்கி எழுந்தவர்தான் நடுராத்திரிக்கு ஸ்டியரிங்கில் உட்காருகிறார். அப்படியும் ஒரே ஆள் 15 மணி நேரம் ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்; பேச்சுத்துணைக்காவது பக்கத்தில் ஒருவர் இருப்பார். முன்பு அந்த வேலையைக் கிளீனர் பார்த்தார். இப்போது கிளீனர் வேலைக்கு யாரும் வருவதில்லை. கிளீனராக வந்து டிரைவராகிற வழியும் அதோடு அடைபட்டுப்போனது. இரண்டாவது டிரைவருக்குக் காசு இருந்தாலும் ஆளுக்கு எங்கே போவது?

ரிலே முறை என்று ஒன்று உண்டு. டிரைவர் நாலைந்து மணி நேரம் ஓட்டி ஒரு இடத்தில் வண்டியைக் கைமாற்றிவிட்டு, எதிரே வரும் வேறொரு வண்டியில் ஊர் திரும்பி, ராத்திரி வீட்டில் தூங்குவார். 2014இல் குருகிராமில் தொடங்கிய ரிவிகோ இதை வைத்தே பேர் வாங்கியது. டிரைவரின் தூக்கத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு திசையிலும் ஓயாமல் வண்டி வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நிறுவனமே 2022இல் தன் எக்ஸ்பிரஸ் சரக்குத் தொழிலை 225 கோடி ரூபாய்க்கு மகிந்திரா லாஜிஸ்டிக்ஸுக்குக் கொடுத்துவிட்டது. நான்கு லாரி வைத்திருப்பவருக்கு இது சரிப்படாது, விட்டுவிடலாம்.

கேமராவுக்கு வருவோம். விற்க வந்த பையன் எங்கள் ஷெட்டிலேயே மாட்டிக் காட்டினான். சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினான்; இரண்டு மூன்று நொடியில் பெட்டி கத்தியது. கொட்டாவி விட்டாலும் கத்தியது, போனைக் காதில் வைத்தாலும் கத்தியது. சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு ஒரு சந்தேகம். கண் செருகும்போது கத்துகிற பெட்டி அந்த நிமிஷத்தைக் காப்பாற்றும், சரி. அடுத்த அரை மணி நேரத்தை என்ன செய்யும்? தூக்கம் வருவது டிரைவருக்கும் தெரியும். சாலையோரம் வண்டி நிறுத்த விட்டிருக்கும் லே-பையில் ஓரங்கட்டித் தூங்கினால் காலை மார்க்கெட் போய்விடும் என்பதும் தெரியும். அந்த இரண்டாவது பயம் போகாதவரை கேமராவின் மேல் ஒரு துண்டு விழத்தான் செய்யும்.

ரோட்டைப் பார்க்கும் முன்பக்கக் கேமரா சங்கதி வேறு. அதை டிரைவர்களே கேட்கிறார்கள். யார் வந்து மோதினாலும் பெரிய வண்டிக்காரன் மேல்தான் கேஸ் என்கிற மனக்குறை அவர்களுக்கு ரொம்ப நாளாக உண்டு. கவனக்குறைவாக ஓட்டி ஆள் இறந்து, தகவல் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு வரை சிறை என்ற புதுக் குற்றவியல் சட்டப் பிரிவுக்கு எதிராக 2024 ஜனவரியில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தியது நினைவிருக்கும். அந்தச் சட்டம் அதே ஆண்டு ஜூலையில் வந்தபோதும் அந்த ஒரு பிரிவை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. நின்றால் அடி, ஓடினால் ஜெயில் என்று தவிக்கிறவருக்கு முன்பக்கக் கேமரா ஒரு சாட்சி.

எங்கள் கணக்கு நோட்டில் நான் ரொம்ப நேரம் உட்கார்ந்த பக்கம் டீசல் பக்கம். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் என்று வைத்து 1,200 கிலோமீட்டருக்கு 343 லிட்டர் கணக்குப் பண்ணுவோம். அதில் மிச்சம் பிடித்தால் டிரைவருக்குப் பங்கு. கூடுதலாகக் குடித்தால் படியில் பிடித்தம். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். இதே கணக்கோடு வண்டி திரும்பும்போது தொப்பூர் கணவாய்க்கு வாருங்கள்.

தருமபுரியிலிருந்து சேலம் வரும் அந்த இறக்கத்தில், வெங்காய லோடோடு, நிறையப் பேர் கியரை நியூட்ரலில் தள்ளிவிடுகிறார்கள். இன்ஜின் சும்மா உறுமும், வண்டி தானாக உருளும், டீசல் மிச்சம் என்ற நினைப்பு. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி விட்டுப்போகிறது. மொத்த எடையும் பிரேக் மேல். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, ஒரு கட்டத்தில் பிரேக் மிதி இருக்கும், பிடிப்பு இருக்காது. இரட்டைப் பாலத்துக்கிட்டே எத்தனை வண்டிகள் முன்னே போனவற்றின் மேல் ஏறியிருக்கின்றன என்று இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 80க்கு மேல் போக விடாத ஸ்பீடு கவர்னர் இங்கே உதவாது. அது இன்ஜினுக்குப் போகும் டீசலைத்தான் குறைக்கும். இறக்கத்தில் வண்டியைத் தள்ளுவது டீசல் இல்லையே.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இப்போதைய இன்ஜின்களில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் டீசல் அடிப்பதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவு பண்ணுகிறார்கள். நான் இதைச் சொன்னபோது எங்கள் மூத்த டிரைவர், "அதெல்லாம் கம்பெனிக்காரன் சொல்றதுங்க தம்பி. நோட்டுல பிடித்தம் போடறது நீங்கதானே?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

வெளிநாட்டில் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, மின்னணுக் கருவி அதை எழுதிக்கொள்ளும். ஆனால் மைலுக்கு இவ்வளவு என்ற கூலி அங்கே சகஜம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரத்துக்கு 45 நிமிட ஓய்வு என்பதோடு, ஆபத்தை வளர்க்கிற மாதிரி தூரத்துக்கோ ஏற்றும் சரக்குக்கோ தகுந்தபடி கூலி கொடுப்பதையே 2006ஆம் ஆண்டு விதி தடுக்கிறது. என் ஓட்டு ஐரோப்பாவுக்கு.

அதற்காக முழு மாசச் சம்பளம்தான் மருந்து என்றும் சொல்ல மாட்டேன். சம்பளம் போட்டதும் ஓனருக்கு வேறு பயம் வரும், வண்டி தாபாவில் கிடக்கிறதோ என்று. மணிக்கொரு தரம் போன் அடிப்பார். ஓட்டிக்கொண்டே அதை எடுப்பது இன்னொரு ஆபத்து. நான் சித்தப்பாவிடம் வைத்தது இது: அடிப்படைச் சம்பளம், வண்டியில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் படி, டீசல் பிடித்தம் அடியோடு வேண்டாம். மும்பை மூன்று நாள் என்று லோடுகாரரிடம் முதலிலேயே பேசிவிடுவது. ஒரே டிரைவருக்கு அப்போதும் நாளுக்குப் பத்து மணி நேரம் வரும். ஆனால் ராத்திரியில் நிறுத்தித் தூங்கலாம். முன்பக்கக் கேமரா நான்கு வண்டிக்கும். மீதிக் காசில், ஆள் கிடைத்தால், ஒரு வண்டிக்கு மட்டும் இரண்டாவது டிரைவர். 2025 அக்டோபருக்குப் பிறகு தயாராகும் பெரிய சரக்கு வண்டிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். அடுத்த வண்டி எடுத்தால் அதுவும் வரும். நிறுத்தித் தூங்கும்போது ஏ.சி. ஓடினால் அதுவும் டீசல்தான். பிடித்தம் இருந்தால் யார் போடப்போகிறார்கள்?

சித்தப்பா பாதி ஒத்துக்கொண்டார். உள்பக்கக் கேமராவை மட்டும் விட மனசில்லை. மூத்த டிரைவரைக் கூப்பிட்டு, "என்னப்பா, மாட்டிக்கலாமா?" என்றார்.

"மாட்டுங்க ஓனர். ஆபீஸ்லயும் ஒண்ணு மாட்டிருங்க. ஒரு ராத்திரிக்கு எத்தன தடவ 'எங்க வந்திருக்கே'ன்னு கேக்கறீங்கன்னு அதுவும் பதிவாகட்டுமுங்க."

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் போனை எடுத்து மூன்றாவது வண்டிக்குப் போட்டார். "ஏப்பா, எங்க வந்திருக்கே?"