டீசல் எங்கே போகிறது? கடலூர் மண்ணில் ஓடும் ஒரு நான்கு சக்கர இயக்க ஜீப்பின் நீண்டகால அனுபவம்

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையிலான முந்திரித் தோப்பு வேலைகளுக்காகவும், கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி சென்று வருவதற்காகவும் நான் பல ஆண்டுகளாக ஓட்டிவருவது, 2.5 லிட்டர் டர்போ டீசல் என்ஜின் கொண்ட, பிஎஸ் 4 (பழைய புகை வெளியீட்டு விதி) காலத்து நான்கு சக்கர இயக்க ஜீப். வாங்கிய காலத்தில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, படிப்படியாக இறங்கி எட்டில் வந்து நின்றது. இந்த வகை வண்டி டீசல் குடிக்கத்தான் செய்யும் என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். பட்டறையில், "சார், பம்ப்பையும் இன்ஜெக்டரையும் (என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) கழற்றி டெஸ்டிங்குக்கு அனுப்பிடலாம்" என்றார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகி, ஐடிலில் சீராக நிற்கும் என்ஜினில் முதல் சந்தேகம் இன்ஜெக்டர் மீது விழ வேண்டியதில்லை. என்ஜின் தேவைக்கு மேல் எரிக்கிறதா, அல்லது சக்கரங்கள் தேவைக்கு மேல் இழுவையைக் கேட்கின்றனவா என்பதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கும் முன்னால் அளவு சரியாக இருக்க வேண்டும். ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், நாசில் முதல்முறை தானாக நின்றவுடன் நிறுத்தி, அடுத்த முறையும் அப்படியே நிரப்பி, இடையில் ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுப்பதுதான் நம்பத்தக்க வழி. ஒரு டேங்க் கணக்கை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அடுத்தடுத்த சில டேங்க்குகளின் சராசரியே பேச வேண்டும். நம் பகுதியில் இன்னொரு குழப்பமும் உண்டு. வரி வேறுபாட்டால் புதுச்சேரியில் டீசல் விலை தமிழ்நாட்டை விடக் குறைவு என்பதால், கடலூர்க்காரர்கள் பலர் எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டியதும் டேங்க்கை நிரப்பிக்கொள்கிறார்கள். "ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு தூரம்" என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு, அந்த மாதத்தில் வண்டியின் மைலேஜ் கூடிவிட்டது போலத் தோன்றும். விலை வேறு, செலவழியும் எரிபொருள் வேறு. கணக்கை லிட்டரில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

தூரத்திலும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. கம்பெனி கொடுத்த 235/70 ஆர் 16 டயர்களை மாற்றி 245/75 ஆர் 16 அளவில், சேற்று நிலத்துக்கான மட் டெரெய்ன் டயர்களைப் போட்டிருந்தேன். முதல் டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 735 மில்லிமீட்டர். இரண்டாவதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 774. அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி ஐந்து சதவீதத்துக்குச் சற்றே அதிகமாக முன்னேறுகிறது. ஓடோமீட்டரோ பழைய டயர் என்றே எண்ணிச் சுற்றுகளைக் கணக்கிடுகிறது. அது 100 காட்டும்போது வண்டி உண்மையில் 105 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களோடும் கைபேசியின் ஜிபிஎஸ் தூரத்தோடும் ஒப்பிட்டு இதை உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆகவே என் எட்டு உண்மையில் 8.4. பெரிய டயர் போட்டதும் மைலேஜ் சரிந்துவிட்டது என்று வருந்துபவர்கள் முதலில் இந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது நல்லது. மிச்சமும் இருக்கும்: மட் டெரெய்ன் டயரின் எடையும், அதன் தடித்த கட்டைகள் சாலையில் நசுங்கி எழும்போது வீணாகும் ஆற்றலும் மெய்யானவை.

பிறகு உருளும் சோதனை. ஆளில்லாத நேரான சமதளச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி, வண்டி தானாக எவ்வளவு தூரம் உருள்கிறது என்று பார்க்க வேண்டும். என்ஜினை அணைத்துவிடக்கூடாது, அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும். நம் கடற்கரையில் பிற்பகல் கடற்காற்று சோதனையைக் குலைத்துவிடும் என்பதால், விடியற்காலையில், இரு திசைகளிலும் செய்து சராசரி எடுப்பதே சரி. என் வண்டி, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலச் சீக்கிரமே நின்றது. என்ஜின் மீதான ஐயம் அங்கேயே பாதி விலகிவிட்டது.

அடுத்து, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, கடைசிப் பகுதியில் பிரேக்கையே தொடாமல் வண்டியைத் தானாக நிற்க விட்டு, தொடாமல் வெப்பம் அளக்கும் துப்பாக்கி வடிவக் கருவியால் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் அளந்தேன். ஒரே அச்சின் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும். முன் வலப்பக்கம் 60 டிகிரியைத் தொடவில்லை. முன் இடப்பக்கம் 130 டிகிரியைத் தாண்டியிருந்தது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றியபோது அது அரைச் சுற்றுக்கூடப் போகவில்லை. பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பர் நகர்ந்து கொடுக்க வேண்டிய ஸ்லைடு பின்கள் துருவேறி இறுகியிருந்ததால், பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருந்தது. கருவி இல்லாதவர்கள், புறங்கையைச் சக்கரத்துக்கு அருகில் கொண்டுபோனாலே வேறுபாட்டை உணரலாம். உலோகத்தைத் தொடவே வேண்டாம்.

இதற்குப் பின்னால் ஒரு வெள்ளம் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததையடுத்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தபோது, முழங்கால் அளவுத் தண்ணீரில் இந்த வண்டிதான் ஓடியது. அந்தத் தண்ணீரும், இந்த ஊரின் உப்புக் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை உடனே தெரிவதில்லை; மாதங்கள் கழித்துத்தான் வெளிப்படும். பின்களைச் சுத்தம் செய்து, ரப்பர் உறைகளை மாற்றி, அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் தடவிப் பூட்டியதும், உண்மைத் தூரக் கணக்கில் மைலேஜ் 9.5-ஐ எட்டியது. செலவும் மிகக் குறைவு. கடலோரத்தில் நான்கு சக்கர இயக்க வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது, மழைக்காலம் முடிந்த கையோடு, இந்தப் பின்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். எரிபொருளை விடப் பெரிய விஷயம் பிரேக்கின் நம்பகம்.

அதே வெள்ளம் அச்சுக்குள்ளும் புகுந்திருந்தது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி) திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலுள்ள நீரை பிரீதர் எனும் காற்றுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் உறிஞ்சிக்கொள்ளும். வடிகால் போல்ட்டைத் திறந்தபோது ஆயில் பால் கலந்தது போல வெளுத்து வந்தது. இரு அச்சுகளிலும் ஆயிலை மாற்றி, பிரீதர் குழாய்களை என்ஜின் அறையின் உயரத்துக்கு நீட்டிக் கட்டினோம். முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைத்தும் விடுவித்தும் வைக்கும் லாக்கிங் ஹப், இடப்பக்கத்தில் விடுபடும் நிலைக்குத் திரும்பாமல் சிக்கியிருந்தது. இரு சக்கர இயக்கத்தில் ஓடும்போதும் அந்தப் பக்கத்து ஆக்சில் தண்டும் முன் டிஃபரன்ஷியலின் பற்சக்கரங்களும் வீணாகச் சுழன்றுகொண்டிருந்தன. இவை சரியானதும் கணக்கு பத்தைத் தொட்டது.

இதற்குப் பிறகுதான் என்ஜின் பக்கம் வந்தேன். ஏற்றத்தில் லேசான கரும்புகையும் டர்போ வேலை செய்யும்போது மெல்லிய சீழ்க்கையும் இருந்தன. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்புறத்தில் ஆயில் கசிந்து படிந்திருந்தது. கிளாம்ப்புக்கு அருகில், அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும் ஒரு வெடிப்பு. டர்போ அழுத்திய காற்றில் ஒரு பங்கு வெளியேறினால், அதே இழுவைக்கு ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மேலும் மிதிக்க நேரும். ஹோஸை மாற்றினேன், முந்திரிக் காட்டுச் செம்மண் தூசி அடைத்திருந்த ஏர் ஃபில்டரையும் மாற்றினேன். என்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டை ஸ்கேனர் மூலம் பார்த்தேன். கூலன்ட் 80 டிகிரிக்கு மேல் ஏறி நிலையாக நின்றதால் அதில் குறை இல்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றாமலே, நான்கின் ரிட்டர்ன் குழாய்களையும் தனித்தனி பாட்டில்களில் விட்டு, ஒரே நேரத்தில் எவ்வளவு டீசல் திரும்புகிறது என்று ஒப்பிட்டோம். தேய்ந்த இன்ஜெக்டர் என்றால் அதிலிருந்து மட்டும் கூடுதலாகத் திரும்பும்; இங்கே நான்கும் ஏறத்தாழச் சமம். பெரும் செலவுக்கு வழிவகுத்திருக்கக்கூடிய அந்தப் பரிந்துரை அத்தோடு முடிந்தது.

விடியற்காலையில் நிரப்பினால் டீசல் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் பலர் சொல்கிறார்கள். பத்து டிகிரி வேறுபாட்டுக்கே டீசலின் கன அளவு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மாறும். நிலத்தடித் தொட்டியில் ஒரு நாளுக்குள் அவ்வளவு வேறுபாடு ஏற்படுவதும் இல்லை.

ஓட்டும் முறையில் இரண்டு மாற்றங்கள் பலன் தந்தன. தோப்பு மணலில் இறங்குமுன் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைப்பது அவசியம். ஆனால் தார்ச்சாலை ஏறியதும், கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அங்கேயே காற்று ஏற்ற வேண்டும். அதற்காக 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்றை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். (கடற்கரை மணலில் நான் வண்டியை இறக்குவதில்லை, ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை அது.) மற்றொன்று வேகம். பெட்டி வடிவ வண்டியில், மேலே காலி கேரியரும் இருந்தால், காற்றின் எதிர்ப்பே பெரிய எதிரி. அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால் 80-லிருந்து 100-க்குப் போகும்போது 56 சதவீதம் கூடுகிறது. கேரியரைக் கழற்றிவிட்டு, கடற்கரைச் சாலையில் 75-ஐத் தாண்டாமல் செல்கிறேன்.

இப்போது உண்மைத் தூரத்தில் லிட்டருக்குப் பதினொன்று நிலையாகக் கிடைக்கிறது. 8.4-லிருந்து 11 என்றால் சிறிய உயர்வாகத் தோன்றலாம். நூறு கிலோமீட்டருக்கான செலவாகப் பார்த்தால் 11.9 லிட்டரிலிருந்து 9.1 லிட்டருக்கு இறங்கியிருக்கிறது. ஒரு கார் பதினாறிலிருந்து பத்தொன்பதுக்கு உயர்ந்தாலும் நூறு கிலோமீட்டருக்கு மிச்சமாவது ஒரு லிட்டர்தான். அதிகம் குடிக்கும் வண்டியில் செய்யும் சிறு திருத்தத்துக்கே பலன் பெரிது. பிஎஸ் 6 வண்டி வைத்திருப்பவர்கள் இத்துடன் டிபிஎஃப்பையும் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) கணக்கில் கொள்ள வேண்டும். குறுகிய நகர ஓட்டங்களே அதிகமானால், அதில் சேரும் கரியை எரிக்க என்ஜின் அடிக்கடி கூடுதல் டீசலைச் செலவிடும்.

பழைய பன்னிரண்டு மட்டும் இன்னும் வரவில்லை. மீதிக் குறைக்கு டயர்தான் காரணம் என்று கருதுகிறேன். என் ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலையும் காய்ந்த மண்பாதையுமே என்பதால், இந்த டயர்கள் தேய்ந்ததும் 235/70 அளவிலேயே, சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர்களுக்குத் திரும்பப்போகிறேன்.