நெஃப்ரைட்டா, ஜேடைட்டா? பரம்பரையாக வந்த சீன ஜேட் சிற்பம்

முன்னோர் விட்டுச் சென்ற சீனச் சிற்பத்தின் விலையைக் கேட்பதற்கு முன், அது ஜேட் எனப்படும் அணிக்கற்களில் எது, நெஃப்ரைட்டா, ஜேடைட்டா என்று கேட்பதே முறை. ஒரே பெயரில் வழங்கிய இவ்விரு கற்களும் வெவ்வேறு கனிமங்கள் என்பதை 1863இல் பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்ஸிஸ் தமூர் நிறுவினார்.

நிறம் ஏமாற்றும், எடை ஏமாற்றுவது அரிது. நெஃப்ரைட்டின் ஒப்படர்த்தி (அதே பருமனுள்ள நீரைவிட எத்தனை மடங்கு எடை என்பது) ஏறத்தாழ 2.95, ஜேடைட்டினுடையது 3.34. ஆகவே 300 கிராம் சிற்பத்தை, மரப்பீடம் இருந்தால் அகற்றிவிட்டு, நூலில் கட்டி நீரில் மூழ்கவிட்டு நிறுத்தால், நெஃப்ரைட் சுமார் 102 கிராமும் ஜேடைட் சுமார் 90 கிராமும் குறைத்துக் காட்டும். கத்தியால் கீறிப் பார்ப்பது (இன்னும் சிலர் அதைத்தான் சொல்கிறார்கள்) பழம்பொருளைக் கெடுக்கும் வேலை.

சீனர்கள் நெஃப்ரைட்டைப் புதிய கற்காலம் முதலே செதுக்கி வந்ததால், கல்லைக் கொண்டு மட்டும் காலத்தைக் கணிக்க இயலாது. துளைகளின் உட்புறத்தையும் கருவித் தடங்களையும் உருவ அமைப்பையும் அறிந்தவர் ஆராய வேண்டும். பர்மிய ஜேடைட்டோ 18ஆம் நூற்றாண்டில்தான் சீனாவுக்குப் பெருமளவில் வந்தது. எனவே மிங் காலத்தது (1368–1644) என்று சொல்லப்படும் ஜேடைட் சிற்பத்தை நான் நம்பத் தயங்குவேன்.

மதிப்பும் இவ்வாறே பிரிகிறது. ஜேடைட்டில் பச்சையின் செறிவும் ஒளி ஊடுருவலும் முதன்மை பெறுகின்றன. ஆனால் அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றிய கல்லும் அழகாகவே தோன்றும் என்பதால், அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை அவசியம். நெஃப்ரைட்டில் ஆட்டுக்கொழுப்பு போன்ற வெண்மை விரும்பப்படுகிறது என்றாலும், பழஞ்சிற்பமாயின் செதுக்குத் திறனும் உரிமை வரலாறுமே விலையைத் தீர்மானிக்கின்றன; ஆகையால் பழைய ரசீதையும் பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள்.